பேர் வெட்டிய டம்ளர்

1

போன வாரம் என் மகள் தாரிணி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வட்டத்தைக் கொண்டுவந்தாள். தாளில் அச்சடித்த பெரிய வட்டம். அதை ஐந்து துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் ஒரு சொல் போட்டிருந்தது: உடல், மனம், உணர்வு, உறவு, ஆன்மா. இங்கே மெல்பர்னில் ‘நலமும் நல்வாழ்வும்’ என்று ஒரு பாடமே நடத்துகிறார்கள். வீட்டிலிருக்கும் மூன்று பெரியவர்களைப் பேட்டி காண வேண்டுமாம். உங்களைப் பொறுத்தவரை ஆரோக்கியம் என்றால் என்ன, உங்கள் வட்டத்தில் எந்தத் துண்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேட்டு, வண்ணம் தீட்டிக் கொடுக்க வேண்டும்.

ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. தாம்பரம் பக்கத்தில் ஆரோக்கியத்துக்கு ஒரே கேள்விதான், “உடம்பு எப்படி இருக்கு?” பதிலும் ஒன்றுதான், “ஏதோ இருக்கேன்.” இளைத்திருந்தால் நோய், கொஞ்சம் பூசினாற்போல இருந்தால் சௌக்கியம். மனம், ஆன்மா எல்லாம் சனிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ள வேண்டியவை.

முதல் பேட்டி என்னுடையது. உடல் துண்டு முழுக்கப் பச்சை. மனம் முக்கால். உறவு என்ற துண்டில் பாதியோடு நிறுத்தச் சொன்னேன்.

“ஏம்மா பாதி?”

“மீதிப் பாதி இன்னும் முடியல.”

அவளுக்குப் புரியவில்லை. “ஓகே” என்று எழுதிக்கொண்டாள். “நெக்ஸ்ட் மாமா. அப்புறம் அத்தை.”

மாமா என்பது என் அண்ணன். அத்தை என்பது அவர் மனைவி, சுமதி அண்ணி. இருவரும் பீர்க்கன்கரணையிலிருந்து கிளம்பி வந்து பதினோரு நாள் ஆகிறது. எட்டு மாதம் இருப்பார்கள். எட்டு மாதம் என்பது என் ஏற்பாடு. அண்ணியை என் வீட்டில், என் பாத்திரங்களோடு, என் அதிகாரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு இருபது வருடத்துக்கு மேலான ஆசை. பாசம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும்.

அண்ணியையும் ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். கை வரவில்லை, மன்னியுங்கள்.

2

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அண்ணன் வீடே என் வீடாயிற்று. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் மூன்றாவது தெரு. அண்ணி படப்பைக்காரி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தண்ணீரானாலும் காபியானாலும் டம்ளரில் வாய் வைக்கமாட்டாள். அண்ணாந்து, கையை உயர்த்தி, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிக்கொள்வாள். தண்ணீரை எல்லோரும் அப்படிக் குடிப்போம். கொதிக்கிற காபியை அப்படிக் குடிக்கிறவளை எங்கள் தெருவே ஆச்சரியமாகப் பார்த்தது. “எவ்ளோ சுத்தம் பாருங்க” என்று பக்கத்து வீட்டு அக்கா தன் மருமகளுக்குக் காட்டுவாள். அண்ணிக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்பது அண்ணனின் பெருமை. யார் வந்தாலும் இரண்டாவது பேச்சாக அதைச் சொல்லிவிடுவார்.

எனக்கு இருபது வயதில் டிபி வந்தது. முதலில் சாயங்காலக் காய்ச்சல். பிறகு இருமல். நான் இளைத்துப்போனதைக் காலேஜில் தோழிகள் பொறாமையோடு பார்த்தார்கள். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது வலது நுரையீரலின் மேலே ஒரு வெள்ளைத் திட்டு.

ஆறு மாதம் மாத்திரை. அரசு டிஸ்பென்சரியில் ஒரு அக்காவின் கண்ணெதிரே விழுங்க வேண்டும். அந்த அக்கா என்னை ஒருநாளும் நோயாளியாக நடத்தியதில்லை. லேட்டாக வந்தால் திட்டுவாள், அவ்வளவுதான்.

“இன்னா ரேவதி, இப்பத்தான் வந்துகினு கீறே? முழுங்கு. வாயத் தொற. நாக்கத் தூக்கு. ம்ம், உள்ள போச்சு. வூட்ல சொன்னியா, இது டம்ளர்ல தட்டுலலாம் ஒட்டாதுன்னு? இருமுனா காத்துல போவும், அவ்ளோதான். மாத்திர தின்ன ஆரம்பிச்சிட்டியில்ல, கொஞ்ச நாள்ல அதுவும் போவாது. சும்மா பேஜாராவாத.”

வீட்டில் சொன்னேன். அண்ணி தலையாட்டினாள்.

மறுவாரம் சாயங்காலம் அவள் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து ஒரு பையோடு வந்தாள். உள்ளே புது எவர்சில்வர் தட்டு, டம்ளர், சொம்பு, ஒரு கிண்ணம். நான்கிலும் ‘சு. ரேவதி’ என்று பேர் வெட்டியிருந்தது. பாத்திரக் கடையில் ஒரு சின்ன மிஷினை வைத்து டிர்ரென்று வெட்டுவார்களே, அந்த எழுத்து.

நம் வீடுகளில் ஒரு பெண்ணின் பேர் வெட்டிய பாத்திரம் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். சீர் சேர்க்கும்போதுதான். அண்ணி என் கல்யாணத்துக்கு இப்போதிருந்தே பாத்திரம் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். நோய் சரியாகிவிடும் என்று என்னைவிட அவள் நம்புகிறாள் என்று நினைத்தேன். அம்மா இருந்திருந்தால் செய்வதை இவள் செய்கிறாள் என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “தேங்க்ஸ் அண்ணி” என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காலேஜில் இரண்டு பேரிடம் சொல்லி வேறு பெருமைப்பட்டேன்.

அந்தக் கையை அவள் எப்படி மெல்ல உருவிக்கொண்டாள் என்பது பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மூன்றாம் நாள் காலை, அந்த நான்கும் சமையலறையில் இல்லை. பின்பக்கத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தனி நாரோடு, தனி சோப்புத் துண்டோடு கவிழ்த்து வைத்திருந்தது. மற்ற பாத்திரங்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே பேர். ஒரு வீட்டில் பத்து டம்ளர் ஒரே மாதிரி இருந்தால் எது யாருடையது என்று குழப்பம் வருமல்லவா? அண்ணி எதையும் ஒழுங்காகச் செய்கிறவள்.

அண்ணன் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு டிபி என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. யாராவது வந்தால் அண்ணி தாம்பரத்துக்கு முந்தின, டிபி ஆஸ்பத்திரியால் பேர் வாங்கிய ரயில்வே ஸ்டேஷனின் பேரைச் சொல்லி, கண்ணால் என் அறையைக் காட்டுவாள். வந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொள்வார்கள்.

3

ஆறு மாதம் முடிந்ததும் ‘குணமடைந்தார்’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை லேமினேட் செய்து வைத்திருந்தேன், டிகிரி சர்டிபிகேட்டைக்கூட அப்படிச் செய்யவில்லை. பாத்திரம் மட்டும் கல்லுப் பக்கத்திலேயே இருந்தது. “இருக்கட்டுமே, உனக்குன்னு தனியா இருந்தா நல்லதுதானே” என்றாள் அண்ணி. குணமாகி ஒன்றரை வருடம் கழித்தும் அங்கேயே இருந்தது.

அப்போதுதான் பல்லாவரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ஸ்கூல் வாத்தியார். அவன் அம்மா என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பேசினாள். என் கையை ஒருவர் அப்படி வைத்துக்கொண்டு எத்தனை நாளாயிற்று என்று மனசு கணக்குப் போட்டது. பையனைவிட அந்த அம்மாவைத்தான் எனக்குப் பிடித்தது என்று இப்போது சொல்வதில் தப்பில்லை. நோயைப் பற்றி நானே அடுத்த முறை சொல்லிவிடுவதாக இருந்தேன், லேமினேட் செய்த காகிதத்தோடு.

அடுத்த முறை வரவில்லை. இரண்டு நாள் போன் இல்லை. மூன்றாம் நாள் நானே அவர்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். பெண் செய்யக் கூடாத காரியம், செய்தேன்.

“உங்க அண்ணியை வெள்ளிக்கிழமை சந்தைல பார்த்தேம்மா” என்றாள் அந்த அம்மா. “அவங்களே சொல்லிட்டாங்க. நெஞ்சுல ஒரு பிரச்சனை இருந்துச்சு, நாளைக்கு எங்க மேல பழி வரக்கூடாதுன்னாங்க. நல்ல மனசும்மா அவங்களுக்கு. நீ உடம்பப் பாத்துக்கோ.”

போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து என் துணிப் பெட்டிக்குள் வைத்தேன். இதில் ஒருநாள் இவளைக் குடிக்க வைக்காமல் விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு வயதுச் சபதம், கொஞ்சம் சிறுபிள்ளைத்தனம்தான். ஆனாலும் நான் அதை விடவில்லை.

எங்கள் தெருவில் ஆரோக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அன்று தெரிந்துகொண்டேன். வெளியே தெரியாத நோய் நோயே இல்லை. வெளியே தெரிந்துவிட்டால், குணமானாலும் அது நோய்தான். தாரிணியின் வட்டத்தில் இந்தத் துண்டு இல்லை.

4

பிறகு மேடவாக்கம் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேதான் கதிரைப் பார்த்தேன். அவன் கல்யாணப் பேச்சை எடுத்த அன்றே, கேன்டீனில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “இப்ப பரவால்லையா?” பரவாயில்லை என்றேன். “அப்ப சரி, சாப்பிடு” என்றான். என் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துத் தின்றான். இதற்காகவே அவன் செய்கிற எத்தனையோ முட்டாள்தனங்களைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த நாட்டுக்கு வர விண்ணப்பித்தபோது நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார்கள். கொத்தமல்லி விதை அளவு தழும்பு. அதற்காக மூன்று நாள் காலைச் சளி, இரண்டு மாதக் காத்திருப்பு, பழைய சிகிச்சை விவரம், மறுபடி ஒரு படம். என் லேமினேட் காகிதத்தை ஸ்கேன் செய்ய முடியவில்லை, பளபளப்பு அடித்தது. பிளேடால் கீறி உரித்தெடுத்தேன். வந்து இறங்கிய பிறகு ஒரு கிளினிக்கில் ஆஜராவதாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். என் பேரில் இருக்கிற காகிதங்களைவிட அந்தத் தழும்பின் பேரில் இருக்கிற காகிதங்கள் அதிகம்.

கிளினிக்கில் வயதான நர்ஸ் ஒருத்தி என் படத்தைப் பார்த்தாள். டீ குடிக்கிறாயா என்று கேட்டாள். தன் அலமாரியிலிருந்து ஒரு கப்பை எடுத்து எனக்கு ஊற்றிக் கொடுத்தாள், தானும் ஒன்றில் குடித்தாள். முடிந்ததும் என் கப்பையும் தன் கப்பையும் ஒரே கையில், விரல்களை உள்ளே விட்டுச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போய் ஒரே தொட்டியில் போட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று பதறினாள். அன்றைய என் ஆங்கிலத்தில் “என் கப்பை எடுத்துவிட்டீர்கள்” என்று மட்டும்தான் சொல்ல வந்தது. பாவம், நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இன்னொரு டீ போட்டுக் கொண்டுவந்தாள். அதையும் குடித்தேன்.

“நீ நலமாக இருக்கிறாய், இனி வர வேண்டாம்” என்று அனுப்பினாள். சமுத்திரம் தாண்டி வந்து இதை ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இந்த ஒரு கப்பை எங்கள் வீட்டில் யாராவது எடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

டம்ளர் என்னோடு விமானமேறி வந்தது. மேல் அலமாரியில் இருக்கிறது. தாரிணி சின்னவளாக இருந்தபோது, பேர் வெட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, “அம்மா, இது நீ ஜெயிச்ச ப்ரைஸா?” என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். பத்து வயதில் விவரம் சொன்னேன். “டிபி வந்துச்சு, மாத்திரை சாப்பிட்டே, போயிடுச்சு. ஸோ?” என்றாள். என் பெண் தமிழை விட்டு, இட்லியை விட்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று நான் புலம்புவதுண்டு. எங்கள் தெருவின் பயத்தையும் சேர்த்துத்தான் விட்டுவிட்டாள் என்பதை அன்று ஒப்புக்கொண்டேன்.

5

போன வருடம் அண்ணன் ரிட்டயர் ஆனார். இங்கே வந்து தங்குங்கள் என்று நான்தான் அழைத்தேன். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். விண்ணப்பத்தை என் கணக்கிலிருந்து நானே நிரப்பினேன். வீடியோ காலில் இருவரையும் உட்காரவைத்துக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். காசநோய் எப்போதாவது இருந்ததா?

“எனக்கா? சேச்சே” என்றாள் அண்ணி.

“இவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல. இல்லைன்னு போடு” என்றார் அண்ணன்.

போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஆபீசில் இருக்கும்போது செய்தி வந்தது. இரண்டாவது விண்ணப்பதாரர், பெண். வலது நுரையீரலின் மேல்பகுதியில் பழைய தழும்பு. மூன்று நாள் காலைச் சளிப் பரிசோதனை தேவை. முன்பு சிகிச்சை எடுத்திருந்தால் விவரம் தரவும்.

நான்கு தடவை படித்தேன். வலது பக்கம், மேலே. என்னுடையது இருக்கிற அதே இடம். பிறகு ஆபீஸ் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். நல்ல மனுஷி என்றால் பதறியிருக்க வேண்டும். நான் சிரித்தேன்.

மறுநாள் அங்கே காலை நேரமாகப் பார்த்து அண்ணிக்குப் போன் செய்தேன்.

“அண்ணி, அண்ணன் பக்கத்துல இருக்காரா?”

“ஏரிக்கரைல வாக்கிங் போயிருக்காரு. ஏன்?”

“உங்க படத்துல பழைய தழும்பு இருக்காம்.”

குக்கர் விசில் ஒன்று அடித்து அடங்கியது.

“எத்தனை வயசுல வந்துச்சு?”

“பதினேழு” என்றாள். குரல் படப்பைப் பெண்ணின் குரலாக மாறியிருந்தது. “ஒரு வருஷம் ஊசி, மாத்திரை. எங்கப்பா எல்லாச் சீட்டையும் வெந்நீர் அடுப்புல போட்டுட்டாரு. வெளிய தெரிஞ்சா மூணு பொண்ணுங்களும் அப்படியே நின்னுடுவீங்கன்னாரு. உங்க அண்ணனுக்குத் தெரியாது, ரேவதி.”

“அதான் அண்ணாந்து குடிக்கிறீங்களா?”

“எங்கம்மா சத்தியம் வாங்கினாங்க. போற வீட்ல யாருக்கும் நம்ம எச்சில் படக்கூடாதுன்னு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “இன்னிவரைக்கும் படல.”

டம்ளரில் ஒட்டாது என்று எனக்குத் தெரியும். சிகிச்சை முடிந்தவளின் எச்சிலால் யாருக்கும் எதுவும் வராது என்றும் தெரியும். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் அண்ணாந்து குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணனிடம், படம் சரியாக விழவில்லை, மறுபடி டெஸ்ட் கேட்கிறார்கள் என்று நானே சொல்லிவைத்தேன். விண்ணப்பத்தில் போட்ட ‘இல்லை’யைத் திருத்தி, சிகிச்சைக் காகிதங்கள் அழிந்துபோனதாக விளக்கக் கடிதமும் நானே எழுதினேன். இரண்டு மாதத்தில் எல்லாம் சுத்தம் என்று வந்துவிட்டது. அண்ணி போனில் அழுதாள். “உன்னை மறக்கமாட்டேன்” என்றாள். நான் அவளைக் காப்பாற்றவில்லை. எனக்குக் கிடைத்ததைப் பத்திரப்படுத்தினேன், அவ்வளவே.

கதிர் மட்டும்தான் எல்லாம் அறிந்தவன். “பயத்துல பண்ணியிருக்காங்க, விட்டுடேன்” என்றான்.

பயந்தவள் தன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதானே? சந்தையில் நின்று என் கதையை எதற்குத் திறந்தாள்? தெரியாமல் செய்தவளை விட்டுவிடலாம். இவளுக்குத் தெரியும். இந்த நோய் வரும், போகும், போன பிறகு கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதை அவள் தன் உடம்பாலேயே அறிந்தவள். அந்தத் தெருவிலேயே அதை அறிந்த ஒரே ஆள். அவள்தான் எனக்குத் தனி நார் வாங்கினாள். அவள் விரல் என்னைக் காட்டிக்கொண்டிருந்தவரை ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. ஒரே தழும்பு இரண்டு பேருக்கு. ஒருத்தி அந்தத் தெருவிலேயே ஆரோக்கியமானவள், இன்னொருத்தி ரயில்வே ஸ்டேஷன் பேர்.

விசா வந்த அன்று டம்ளரை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன்.

6

வந்த நாளிலிருந்து அண்ணி என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் நானும் தனியாக இரண்டு நிமிடம் பேசினால் ஏதோ சாக்கு வைத்து வந்துவிடுவாள். நான் பேச்சை வேண்டுமென்றே இழுத்தேன். “அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்து, அவள் முகம் வெளுத்ததும், “பின்பக்கம் தக்காளிச் செடி வைக்கலாமா?” என்று முடித்தேன். பதினோரு நாளில் இதை ஐந்து தடவையாவது செய்திருப்பேன். அது எனக்கு நன்றாகவே இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி. சாப்பாட்டு மேசையில் தாரிணி தன் வட்டங்களோடு உட்கார்ந்தாள். அண்ணனின் பேட்டி சீக்கிரம் முடிந்தது. ஐந்து துண்டும் முழுக்க நிரப்பிவிட்டார், ஆன்மா உட்பட.

“நெக்ஸ்ட், அத்தை. உங்களுக்கு ஹெல்தின்னா என்ன?”

“நாலு பேர் ஒண்ணும் சொல்லாம இருக்கறதும்மா” என்றாள் அண்ணி. தாரிணி அப்படியே எழுதிக்கொண்டாள்.

“உங்களுக்கு எப்பவாவது பெருசா ஏதாவது நோய் வந்திருக்கா?”

“உங்க அத்தைக்கா?” அண்ணன் முந்திக்கொண்டார். “ஒரு தலைவலிகூட வந்ததில்ல. எழுதிக்கோ.”

அண்ணி என்னைப் பார்த்தாள். இதற்குத்தான் எட்டு மாத விசா எடுத்தேன் என்று எனக்குத் தோன்றியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“அம்மாக்கு டிபி வந்துச்சு” என்றாள் தாரிணி, பென்சிலைச் சீவிக்கொண்டே. “நான் எழுதிட்டேன்.”

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதெல்லாம் எதுக்கும்மா ஸ்கூல்ல எழுதற? நாளைக்கு நாலு பேர்...”

“நாளைக்கு நாலு பேர் என்ன, மாமா?”

அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் எழுந்து போய்க் காபி போட்டேன். மேல் அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்தேன். நுரை பொங்க ஊற்றி, அண்ணி முன்னால் வைத்தேன், பேர் அவள் பக்கம் தெரியும்படி. அவள் படித்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. வழக்கம்போல டம்ளரைத் தூக்கி அண்ணாந்தாள்.

“வாய் வச்சுக் குடிங்க அண்ணி.”

கை அந்தரத்தில் நின்றது.

“அவ எப்பவும் அப்படித்தானே குடிப்பா” என்றார் அண்ணன். “சுத்தக்காரி.”

“டம்ளர்ல எல்லாம் ஒட்டாது அண்ணி” என்றேன். “அன்னிக்கே ஒட்டாது. நான் டிஸ்பென்சரியிலேர்ந்து வந்து உங்ககிட்ட சொன்னேன், நீங்க தலையாட்டினீங்க. யார் வாய் வச்சாலும் ஒட்டாது. இத்தனை வருஷமும் சும்மாதான்.”

‘இத்தனை வருஷமும்’ என்பது யாருக்கு என்று அவளுக்கு மட்டும் புரிந்தது. கண்கள் கலங்கின. டம்ளரைக் கீழே இறக்கி, இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பில் உதட்டை வைத்தாள். சுட்டிருக்க வேண்டும், சட்டென்று எடுத்தாள். மறுபடி வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி, முழு டம்ளரையும் குடித்தாள். நான் எதிர்பார்த்தது அவமானம். எனக்குக் கிடைத்தது, ஒரு மனுஷி ஆசையாகக் காபி குடிக்கிற காட்சி.

“காபி உதட்டுல இவ்ளோ சூடா இருக்கும்னு மறந்தே போச்சு” என்றாள்.

பிறகு தாரிணி பக்கம் திரும்பினாள். “எனக்கும் எழுதிக்கோம்மா. பதினேழு வயசுல டிபி. உங்க அம்மாவுக்கு வந்த அதே இடத்துல.”

தாரிணி எழுதினாள். ஒரு முகச்சுளிப்பு இல்லை. “ட்ரீட்மென்ட் எவ்ளோ நாள், அத்தை?”

“ஒரு வருஷம்.”

அண்ணன் அவளையே பார்த்தார். “என்ன சொல்ற, சுமதி? ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?”

அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய், இன்னும் வைக்காத தக்காளிச் செடிக்கான இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணி டம்ளரைத் திருப்பிப் பார்த்தாள். பேரின் மேல் கட்டை விரலால் தடவினாள். “இந்தப் பேரை வெட்டிக்கிட்டு வந்தது நான்தான்” என்றாள் தாரிணியிடம். “அதையும் எழுதிக்கோ. அது தப்பு.”

நான் காத்திருந்தேன். அடுத்து சந்தை வரும், அந்த வெள்ளிக்கிழமை வரும், என் கையை மடியில் வைத்துக்கொண்ட அந்த அம்மா வருவாள் என்று காத்திருந்தேன். அண்ணி அங்கேயே நிறுத்திக்கொண்டாள். பல்லாவரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருபது வருடமாக நான் பொத்திவைத்திருந்த கணக்கை அவளே எடுத்துச் சொல்லி முடித்துவிட்டு, லேசாகிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். என் கையில் ஒன்றும் மிச்சமில்லை.

“அம்மா, உன் உறவுத் துண்டு இப்ப ஃபுல்லா?” என்று கேட்டாள் தாரிணி, பச்சைப் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

“முக்கால் போடு” என்றேன்.

அண்ணி டம்ளரை என் பக்கம் நீட்டினாள். “ரேவதி, இன்னொரு டம்ளர் கிடைக்குமா? சூடா.”

அதே டம்ளரில் கொடுத்தேன். சூடாகவே கொடுத்தேன். சர்க்கரை மட்டும் போடவில்லை.